எடைக்குப் போகும் புத்தகங்கள்

சென்ட்ரலில் இருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் போகும் மின்சார ரயில்கள் கிளம்புகிற முனையத்துக்கு, ரயில்வே கணக்கில் இன்றும் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்றுதான் பெயர். 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில் அந்த இடத்தில்தான் நின்றது. கிராமபோன் தட்டு, பித்தளைச் சாமான், கூண்டுப் பறவை என்று எல்லாம் விற்ற அந்தச் செங்கல் கட்டடம் பழைய புத்தகத்துக்கும் பேர்போனது. 1985 மே 30 அன்று அது தீயில் அழிந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் ஒதுக்கினார்கள். சந்தை இருந்த நிலத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. மேற்குப் புறநகர்வாசிகள் தினமும் ஏறி இறங்குகிற நிலம், ஒருகாலத்தில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடந்த நிலம்.

அதன்பிறகு மேற்கே அப்படி ஒன்று முளைக்கவே இல்லை. பழைய புத்தகம் என்றால் திருவல்லிக்கேணி, லஸ், அல்லிக்குளம் என்கிறோம். அம்பத்தூர் என்றோ ஆவடி என்றோ பூந்தமல்லி என்றோ யாரும் சொல்வதில்லை. ‘அது ஃபேக்டரி ஏரியா, அங்கே யார் புத்தகம் படிக்கிறார்கள்?’ என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம். இந்த விளக்கம் தவறு. அதோடு, உழைக்கிற மக்களைப் பற்றிய ஒரு மோசமான முன்முடிவும்கூட. மேற்குப் புறநகரில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், புத்தகங்களும் இருக்கின்றன. இருவரும் சந்திக்க ஓர் இடம்தான் இல்லை. அந்த இடம் டீக்கடையின் பக்கத்தில் அமைய வேண்டும் என்பது என் வாதம்.

பழைய புத்தகக் கடை எங்கே பிழைக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் சந்து சந்தாக மேன்ஷன்கள். பைகிராஃப்ட்ஸ் ரோடு என்று பழையவர்கள் இன்னும் சொல்லும் பாரதி சாலையின் நடைபாதைப் புத்தக வியாபாரத்துக்குக் கல்லூரிதான் காரணம் என்பார்கள். மேன்ஷனுக்கும் அதில் சரிபாதிப் பங்குண்டு என்று நினைக்கிறேன். ஒரே அறையில் மூன்று கட்டில் போட்டு வாழ்கிறவரிடம் புத்தகம் வாங்கக் கொஞ்சம் காசு இருக்கும், அதை வைத்துக்கொள்ள அலமாரி இருக்காது. அவர் வாங்குவார், படிப்பார், பாதி விலைக்கோ அதற்கும் குறைவாகவோ திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். ஒரே பிரதி பல கை மாறும்போதுதான் பழைய புத்தகக்காரருக்கு நாலு காசு நிற்கிறது. லஸ் முனையில் இதே வேலையைப் பேருந்து நிறுத்தம் செய்கிறது. மூர் மார்க்கெட்டில் சென்ட்ரல் ஸ்டேஷன் செய்தது. ஆக, இந்தத் தொழிலுக்குத் தேவை மூன்று: கால்நடையாகக் கடந்துபோகும் கூட்டம், ஏறக்குறைய வாடகையே இல்லாத இடம், பத்து நிமிடம் சும்மா நிற்பதற்கு ஒரு சாக்கு. மூன்றாவதை எல்லா இடத்திலும் டீயோ காபியோதான் கொடுக்கிறது. கல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளையும் அங்குள்ள ஆல்பர்ட் ஹால் காபி ஹவுஸையும் பிரித்துப் பேச முடியாது.

மேற்குப் புறநகர் வேறு கணக்கில் கட்டப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் போனபோதே இந்த ஊர்களின் வழியாகத்தான் போனது. ஆனாலும் இப்போதிருக்கும் முகம் வந்தது தொழிற்சாலைகளால்தான். 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ். 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய ஆவடியில், சில ஆண்டுகளிலேயே கனரக வாகனத் தொழிற்சாலை. பாடியில் லூகாஸ் டிவிஎஸ். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த அந்தப் பேட்டையின் சாலைகள் லாரிக்காகப் போடப்பட்டவை. பெரிய கம்பெனிகளில் ஆள் ஏற்றும் பஸ் தெருமுனைக்கே வரும். டீ கேன்டீனில் கிடைக்கும். சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் பஸ்ஸில். மனிதர் நடந்தும் நின்றும் வேடிக்கை பார்த்தும் போகிற நேரத்தை இந்த ஏற்பாடு விழுங்கிவிட்டது. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சிடிஎச் சாலை ஓரத்துக் கடைகளின் வாடகையோ, முப்பது ரூபாய் நாவல் விற்கிறவர் நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. இவற்றை விட்டுவிட்டு வாசகர் இல்லை என்று சொல்வது, கிணறு வெட்டாத ஊரில் தாகமே கிடையாது என்று சொல்வதுபோல.

புத்தகம் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ எந்தக் கடைத்தெருவிலும் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. உள்ளே கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். வந்து விழும் மூட்டையை அவிழ்த்ததும் செய்தித்தாள் தனியே போகும். பொட்டலம் மடிக்க மளிகைக் கடைக்காரர் அதைக் கேட்பார் என்பதால் பொதுவாக அதற்கு விலை கொஞ்சம் கூடுதல். அட்டைப்பெட்டி தனி. நோட்டுப்புத்தகமும் அச்சுப் புத்தகமும் ஒரே குவியலில், செய்தித்தாளைவிடக் குறைந்த விலைக்கு. கெட்டி அட்டை போட்ட புத்தகமென்றால் அட்டையைக் கிழித்துத் தனியே போடுவதும் உண்டு. காகித ஆலைக்கு அது வேறு ரகம். கிழிபட்டது யாருடைய புத்தகம் என்பதைத் தராசு கேட்பதில்லை. பிளஸ் டூ முடித்த பெண்ணின் இயற்பியல் கைடு, தாத்தா போனபின் யாரும் தொடாத தொடர்கதைத் தொகுப்பு, மாற்றலாகிப் போகும் குடும்பம் விட்டுப்போன இந்தி நாவல் எல்லாம் அதே குவியல்தான்.

இதில் ஆவடி தனி ரகம். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ் என்று நாடு முழுவதிலும் இருந்து வந்து சில ஆண்டுகள் தங்கிப் போகிறவர்கள் நிறைந்த ஊர் அது. ஒவ்வொரு மாற்றல் உத்தரவும் ஒரு வீட்டின் புத்தக அலமாரியைக் காலி செய்கிறது. சாமான் லாரியில் இடம் பிடிக்கிற முதல் பொருளாகவும், எடைக்குப் போடத் தோன்றும் முதல் பொருளாகவும் புத்தகமே இருக்கிறது. மலையாளம், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று பல மொழிப் புத்தகங்கள் ஒரே ஊரில் சேர்ந்து கிடைப்பது நகரத்துக்குள்கூட அரிது. அவற்றில் தப்பிப் பிழைப்பவை வியாபாரிகள் வழியாக நகரத்துக்குப் போகின்றன. பிறகு ஆவடி மாணவர் இருபது கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், தன் பக்கத்துத் தெருவிலிருந்து கிளம்பிய புத்தகத்தையே விலை கொடுத்து வாங்கி வரும் நிலை.

எடைக்குப் போவதன் மதிப்பு என்ன என்பதற்கு மேற்குப் புறநகரிலேயே ஒரு சாட்சி இருந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், வாரப் பத்திரிகை, மலிவுப் பதிப்பு எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே நூலகமாக வைத்தது. தரமணிக்குப் போவதற்கு முன், தொடக்க ஆண்டுகளில் அந்த நூலகம் இயங்கியது அம்பத்தூருக்கு அடுத்த முகப்பேரில். தமிழ் அச்சு வரலாற்றை எழுத விரும்பிய ஆய்வாளர்கள் எல்லாரும் அந்த நாட்களில் மேற்கு நோக்கித்தான் பஸ் ஏறினார்கள். அவர்கள் தேடி வந்தது பெரும்பாலும் இன்னொருவர் எடைக்குப் போட்டிருக்கக்கூடிய காகிதங்களை.

இங்கே படிப்பவர் யார் என்ற கேள்விக்கு டீக்கடை பெஞ்சு பதில் சொல்லும். காலை ஆறரை மணிக்கு ஒரே ஒரு தினசரி அங்கே நான்காகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும். விளையாட்டுப் பக்கத்தை முடித்தவர் மாவட்டச் செய்திக்குக் கை நீட்டுவார். தலைப்புச் செய்தியைச் சத்தமாகப் படிக்கிறவருக்கு பாய்லர் பக்கத்திலிருந்து மாஸ்டர் பதில் சொல்வார். எழுத்தறியாதவரும் கேட்டுத் தெரிந்துகொள்கிற வாசிப்பு இது. அதே தெருப் பெட்டிக்கடையில் ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கின. லட்சக்கணக்கில் விற்ற அந்த நாவல்களை வாங்கியவர்கள் மயிலாப்பூரில் மட்டும் இருந்தார்கள் என்று நம்ப முடியாது. இன்றைக்கு அந்தப் பெஞ்சில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், ஐடிஐ முடித்து அப்ரண்டிஸ் சேர்ந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலும் ஃபிட்டர் தொழில் பாடநூலும் இன்றே வேண்டும், குறைந்த விலையில் வேண்டும்.

இந்த இடத்தில் காபியைப் பற்றி ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். புத்தகமும் காபியும் என்று பேசுவதே நடுத்தர வர்க்கத்தின் ஆசை, அதை ஏன் தொழிலாளர் ஊரில் திணிக்க வேண்டும் என்பது. இந்த ஆட்சேபத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் காபி, தேநீர் இரண்டுக்கும் இருந்த வர்க்கச் சாயலை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். காபி கிளப்புகளில் சாதிக்கொரு இடம் இருந்தது. 1957இல், புத்தகங்களுக்குப் பேர்போன அதே திருவல்லிக்கேணியில், முரளி கபே பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இந்த வரலாற்றை மறந்துவிட்டுக் காபி கலாச்சாரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. குளிர்சாதன அறையில் அலங்காரத்துக்குப் புத்தகம் அடுக்கி இருநூறு ரூபாய்க்குக் காபி விற்கும் கடைகளையும் நான் இங்கே சொல்லவில்லை. நான் சொல்வது பெஞ்சைப் பற்றி. பத்துப் பதினைந்து ரூபாய்க்கு டீ கிடைக்கிற, பக்கத்தில் இருப்பவரின் சாதியையோ சம்பளத்தையோ கேட்காத பெஞ்சு. பித்தளை டவராவில் காபி தரும் சின்னக் கடைகளும் இப்போது இந்தச் சாலைகளில் வந்துவிட்டன. விலை எட்டும்வரை அவையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

டீக்கடையில் வைத்தால் புத்தகம் போகுமா? இதற்கு அனுமானம் தேவையில்லை. கேரளத்தில், இடுக்கிக் காட்டுக்குள் இருக்கும் இடமலக்குடி என்ற பழங்குடி ஊராட்சியில், சின்னத்தம்பி என்ற முதியவர் தன் டீக்கடையில் ஒரு நூலகம் நடத்தினார். அங்கிருந்த 160 புத்தகங்களைப் பற்றி பி. சாய்நாத் 2014இல் எழுதினார். காட்டுப்பாதையில் நடந்து வந்து எடுத்துப் படித்த முதுவான் மக்களின் பதிவேட்டில் இலக்கியங்கள் இருந்தன, பொழுதுபோக்கு மட்டும் அல்ல. தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் முடிதிருத்தும் கடைக்குள் நூலகம் வைத்து, காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறவருக்குக் கட்டணத்தைக் குறைத்தார். 2020 அக்டோபரில் பிரதமரின் வானொலி உரை வரை அந்தச் செய்தி போனது. இரண்டிலும் புத்தகம் விற்பனைக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் மனிதர் எப்படியும் காத்திருக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம் இருந்தால் எடுக்கிறார் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லாம் போனில் கிடைக்கிறதே என்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. போனில் தேடுகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். குவியலைக் கிளறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாரப் பத்திரிகையிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்து, தெருமுனை பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிய தொடர்கதைகளை நினைத்துப் பாருங்கள். 1950களில் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது மணியம் வரைந்த படங்கள், பக்க ஓரத்து விளம்பரங்கள், வாங்கியவர் மையில் எழுதிய தேதி எல்லாம் அந்தத் தொகுப்பில்தான் ஒன்றாக இருக்கின்றன. ஆன்லைனில் வாங்கலாம் என்றால், முப்பது ரூபாய்ப் புத்தகத்துக்கு அதைவிடக் கூடுதலாகத் தபால் செலவு. பாடநூல் விஷயத்தில் மட்டும் மறுப்பாளர் சொல்வதில் பாதி சரி. அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறை 2013, 2017, 2021 என்று மாறிக்கொண்டே இருப்பதால், பழைய பொறியியல் நூல் வாங்குகிறவர் ஏமாறக்கூடும். எந்த ஆண்டுத் திட்டத்துக்கு எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்று சொல்லத் தெரிந்த வியாபாரி இருந்தால்தான் அது தீரும். திருவல்லிக்கேணி வியாபாரிகள் பலருக்கு இது மனப்பாடம். புத்தகத்தை எடை போடுகிறவர் இந்த அறிவைப் பெற்றால் அவர் வருமானம் கிலோக் கணக்கிலிருந்து பிரதிக் கணக்குக்கு உயரும்.

அரசு நூலகம் இருக்கும்போது இது எதற்கு என்பது இன்னொரு கேள்வி. நூலகங்களைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தால், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக இன்றும் போகிறது. அம்பத்தூர் வீட்டுக்காரரும் ஆவடி வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார்கள். ஆனால் நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட முடியாது. ஆறு மாதம் வைத்துப் படிக்க முடியாது. மாத நாவலும் கைடும் அதன் பட்டியலில் ஏறுவது அபூர்வம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு நூலக நேரம் பொருந்துவதும் எப்போதாவதுதான். நூலகம் கொடுக்காததைப் பழைய புத்தகக் கடை கொடுக்கிறது. வாசிப்பு ருசி கண்டவர் பிறகு நூலகத்துக்கும் போவார்.

நடைபாதை நடப்பவருக்கே என்ற ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையப் பகுதியிலும் ஆவடி ஸ்டேஷன் வாசலிலும் நடக்கவே இடமில்லாத நிலையில் இன்னொரு கடையா என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. அதற்காகத்தான் 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம், வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உட்காரும் நகர விற்பனைக் குழு இடத்தை முடிவு செய்யும் என்கிறது அது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த அம்பத்தூருக்கும், 2019இல் தானே மாநகராட்சியான ஆவடிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பழைய புத்தகத்தை விற்க வேறு தடையும் இல்லை: ஒருமுறை விற்கப்பட்ட பிரதியை மறுபடி விற்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை, அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளைக் கொடுத்துவிடலாமே என்று ஒரு யோசனை வரக்கூடும். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இந்தத் தொழில் நிற்காது. அல்லிக்குளம் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருந்தும், நடக்கிறவர் கண்ணில் படாத கட்டடத்துக்குள் போனதால் மூர் மார்க்கெட்டின் பழைய கூட்டம் அங்கே கூடவில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து பேட்டைக்குப் போகும் வழி, ஓ.டி. பேருந்து நிலையத்தின் ஓரம், ஆவடி ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஆகியவைதான் பொருத்தமானவை. டீக்கடைக்காரர் சுவரோரம் ஒரு தட்டி வைக்க விட்டால் இரண்டடி போதும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றில் எங்கே முதலில் என்று கேட்டால் நான் பூந்தமல்லி என்பேன். அங்கே புறநகர் ரயில் இல்லை, ஆகவே பஸ்ஸுக்குக் காத்திருப்பு அதிகம். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் இளைஞர்கள் பலர் பூந்தமல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் அறையெடுத்துத் தங்கியிருக்கிறார்கள். தென் மாவட்டத்துப் பையன்களும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் ஒரே மாடியில். ஓர் அறைக்கு நாலு பேர், ஆளுக்கொரு பெட்டி, அலமாரி கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இருந்த அதே வாழ்க்கை இப்போது அங்கே நடக்கிறது. வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுக்கும் வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடையாது. தமிழ் நாவலோடு ஒரு வரிசை இந்தியும் ஒடியாவும் வைத்தால் ஆவடியில் எடைக்குப் போகிற புத்தகங்களுக்கு அங்கே வாசகர் கிடைப்பார். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை வரும் மெட்ரோ பாதையின் நிலையங்களில் கடைகளுக்கு இடம் பிரிப்பார்கள். அதில் ஒரு டீக்கடையும் அதை ஒட்டி ஒரு பழைய புத்தகத் தட்டியும் சேர்ந்தாற்போல் வர வேண்டும் என்று, வாடகை நிர்ணயமாவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.